தட்டை முகராத குட்டி

நாய்க்குட்டி சாப்பிடவில்லை என்றதும் வீட்டில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது தட்டில் இருப்பதை மாற்றிப் பார்க்கலாம் என்பதுதான். பால்சோறு வேண்டாமா, தயிர்சோறு. அதுவும் வேண்டாமா, அவித்த முட்டை. அதற்கும் அசையவில்லை என்றால் கடைக்கு ஓடிப்போய் வாங்கி வந்த கோழிக்கறி. எல்லாம் அக்கறையால் செய்வது. குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தட்டுகளை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருப்பதிலேயே ஒரு பகல் முழுக்கப் போய்விடுகிறது. இரண்டு மாதக் குட்டிக்கு ஒரு பகல் மிக நீண்ட நேரம். அது ஏன் என்று தெரிந்துகொண்டால், அந்தப் பகலில் செய்ய வேண்டிய வேலை வேறு என்பதும் புரிந்துவிடும்.

பசி வயிற்றின் வேலை என்றுதான் நினைக்கிறோம். அதைக் கூட்டுவதும் அடக்குவதும் மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ். உடலுக்குள் கிருமி நுழைந்ததும் எதிர்ப்பு அணுக்கள் இன்டர்லூக்கின்-1, டி.என்.எஃப். போன்ற புரதங்களை ரத்தத்தில் கலக்கவிடுகின்றன. அந்தச் சேதி ஹைப்போதலாமஸை எட்டியதும் காய்ச்சல் ஏறுகிறது, உடம்பு சுருண்டு படுத்துக்கொள்கிறது, பசி அடங்கிப்போகிறது. நெடுங்காலம் இதை நோய் தரும் பலவீனம் என்றே எண்ணியிருந்தார்கள். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த கால்நடை மருத்துவர் பெஞ்சமின் ஹார்ட், 1988-இல் எழுதிய கட்டுரையில் இதைத் தலைகீழாகப் பார்த்தார். நோயுற்ற விலங்கு ஒடுங்கிக் கிடப்பதும் தின்ன மறுப்பதும் தோல்வியின் அடையாளம் அல்ல, கிருமியோடு போராட உடம்பே வகுத்துக்கொண்ட உத்தி என்றார். இரை தேடி அலையாததால் சக்தி மிச்சமாகிறது. அந்தச் சக்தி காய்ச்சலைத் தக்கவைக்கச் செலவாகிறது. உணவு குறைந்தால் இரும்புச்சத்தின் வரத்தும் குறைகிறது. பல பாக்டீரியாக்கள் பெருகுவதற்கு அந்த இரும்பு தேவை.

2016-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ருஸ்லான் மெட்ஷிட்டோவின் குழு சுண்டெலிகளில் இதைச் சோதித்துப் பார்த்தது. லிஸ்டீரியா என்ற பாக்டீரியா தொற்றிய எலிகள் தாமாகவே தின்பதை நிறுத்தின. அவற்றுக்கு வலியக் குளுக்கோஸ் புகட்டியபோது இறந்துபோயின. இன்ஃபுளுயன்சா வைரஸ் தொற்றிய எலிகளிலோ முடிவு நேர்மாறாக இருந்தது: உணவு புகட்டப்பட்டவைதான் அதிகம் பிழைத்தன. எலிக்குப் பொருந்துவது நாய்க்கும் அப்படியே பொருந்திவிடாது. என்றாலும், நோயில் வரும் பசியின்மைக்கு ஒரே பொருள் கிடையாது, அதை எப்படியாவது முறியடித்தே ஆக வேண்டும் என்பதும் கிடையாது என்று இந்தச் சோதனை காட்டிவிட்டது.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், பட்டினி கிடந்து நோயை வெல்லும் இந்த உத்தி சேமிப்புள்ள உடம்புக்கானது. வளர்ந்த நாய் ஓரிரு நாள் தின்னாமல் கிடந்தாலும் ஈரலில் உள்ள கிளைக்கோஜனையும், அது தீர்ந்ததும் கொழுப்பையும் தசையையும் கரைத்துச் சமாளித்துக்கொள்ளும். குட்டிக்கு அந்த வசதி இல்லை. ஈரல் சிறியது, கொழுப்பு சொற்பம், தசையும் இன்னும் திரளவில்லை. செலவு மட்டும் அதிகம்: எடைக்கு எடை பார்த்தால் வளர்ந்த நாயைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி அதற்கு வேண்டும். கிருமியை எதிர்க்க உடம்பு பசியை அணைக்கிறது. அணைந்த சில மணி நேரத்திலேயே மூளைக்குப் போக வேண்டிய சர்க்கரை குறையத் தொடங்குகிறது. காப்பாற்ற வந்த ஏற்பாடே குட்டியைக் கவிழ்த்துவிடுகிறது.

பொமரேனியன், ஷிட்சூ, சிவாவா போன்ற சிற்றின நாய்களின் குட்டிகளில் இது மிக விரைவாக நடக்கும். ரத்தத்தில் குளுக்கோஸ் ஒரு டெசிலிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குக் கீழே போனதும் குட்டி தள்ளாடும், கண் எங்கோ வெறிக்கும், உடம்பு நடுங்கும், இன்னும் குறைந்தால் வலிப்பு வரும். அந்த நிலையில் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். விரல் நுனியில் தேனையோ கெட்டியான சர்க்கரைக் கரைசலையோ தொட்டு ஈறில் தேய்த்துக்கொண்டே மருத்துவரிடம் கிளம்ப வேண்டும். தேய்த்ததும் குட்டி எழுந்து வாலை ஆட்டினாலும் பயணத்தை நிறுத்தக் கூடாது. அந்தச் சர்க்கரை கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும்.

தண்ணீரின் கணக்கு இன்னும் கடுமையானது. ஒரு கிலோ எடையுள்ள குட்டியை எடுத்துக்கொள்வோம். உடல் எடையில் 5 சதவீத அளவுக்கு நீர் இழந்தால்தான் வெளியே அறிகுறியே லேசாகத் தெரிய ஆரம்பிக்கும். 10 சதவீதத்தைத் தாண்டினால் ரத்த ஓட்டம் தளர்ந்து உயிருக்கு ஆபத்து. அந்தக் குட்டிக்கு 5 சதவீதம் என்பது 50 மில்லி, 10 சதவீதம் 100 மில்லி. அறிகுறி தெரியாத நிலைக்கும் ஆபத்துக்கும் நடுவே இருப்பது கால் டம்ளர் தண்ணீர்தான். நாலைந்து முறை வாந்தியும் பேதியுமாகப் போனாலே அவ்வளவும் போய்விடும்.

தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டு, அது பழையபடி படிய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கச் சொல்வார்கள். பெரிய நாய்க்கு அது சரி. சின்னக் குட்டியின் தோல் நீர் வற்றியிருந்தாலும் சட்டென்று படிந்துவிடலாம். அதை நம்பி இருந்துவிடக் கூடாது. ஈறுதான் நம்பகமானது. மேலுதட்டை மெல்லத் தூக்கி விரலால் ஈறைத் தொடுங்கள். நலமான குட்டியின் ஈறு வழவழவென்று ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்கும். நீர் வற்றியிருந்தால் விரல் பிசுபிசுவென்று ஒட்டும். இப்போது கோரைப்பல்லுக்கு மேலே ஈறை அழுத்தி விரலை எடுங்கள். அழுத்திய இடம் வெளுத்துப் பின் சிவக்கும். இரண்டு விநாடிக்குள் சிவந்துவிட்டால் ரத்த ஓட்டம் பரவாயில்லை. அதற்கு மேல் ஆனால் தாமதிக்க நேரமில்லை. ஈறு தொடக்கத்திலேயே காகிதம் போல வெளுத்திருந்தால் அது வேறு சேதி: ரத்தசோகை. நம் ஊர்க் குட்டிகளில் அதற்குக் கொக்கிப்புழுவும் உண்ணிக் காய்ச்சலும் அடிக்கடி காரணமாக இருக்கின்றன. கொக்கிப்புழு தாய்ப்பால் வழியாகவே வந்துவிடும். இன்னொரு உருளைப்புழுவான டாக்சோகாராவோ பிறப்பதற்கு முன்பே நஞ்சுக்கொடி வழியாகக் குட்டிக்குள் இறங்கிவிடும். அதனால்தான் இரண்டு வார வயதிலேயே பூச்சி மருந்தைத் தொடங்கச் சொல்கிறார்கள்.

தின்னாத எல்லாக் குட்டிக்கும் நோய் என்று சொல்லவில்லை. தாயையும் உடன்பிறந்தவற்றையும் விட்டுப் பிரிந்து புதிய வீட்டுக்கு வந்த முதல் நாளில் தட்டைத் தொடாத குட்டிகள் ஏராளம். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பார் ஹார்பர் என்ற ஊரில் நாய்களின் நடத்தையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அந்தக் காலத்தில், 1949-இல், ஷெர்மன் ராஸ், ஜீன் ராஸ் இருவரும் குட்டிகளைத் தனியாகவும் கூட்டமாகவும் தின்னவிட்டு அளந்தார்கள். கூட்டத்தில் இருக்கும்போது குட்டிகள் கூடுதலாகத் தின்றன. குட்டிக்கு உணவு என்பது இதுவரை முட்டி மோதிப் பங்குபோட்டுத் தின்ற ஒன்று; தனித் தட்டு அதற்குப் புதிது. பிரிவின் பதற்றமும் பசியை அமுக்கும். இப்படிப்பட்ட குட்டிக்கு முன்பு தின்றுகொண்டிருந்த அதே உணவைக் கொடுத்து, கொஞ்சம் வெதுவெதுப்பாக்கி மணம் எழும்பச் செய்து, பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும். சுற்றி நின்று ஏழு பேர் பார்த்துக்கொண்டிருந்தால் அது வாயைத் திறக்காது. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும்.

ஏக்கத்தில் தின்னாத குட்டி தண்ணீர் குடிக்கும். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கும், உருட்டிவிட்ட பந்தின் பின்னால் இரண்டடியாவது ஓடும். நோயில் கிடக்கும் குட்டி தண்ணீர்க் கிண்ணத்தின் அருகிலேயே தலையைத் தொங்கப்போட்டு நிற்கும், குடிக்காது. தாகம் இருக்கிறது, குமட்டல் விடவில்லை. தண்ணீரை மறுப்பதை உணவை மறுப்பதோடு சேர்த்து ஒன்றாக எண்ணக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இதுதான். உடம்பு உணவை நிறுத்துவதற்கு ஒரு நியாயம் இருக்கலாம். தண்ணீரை நிறுத்துவதற்கு நியாயமே இல்லை. மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டி அரை நாள் எதையும் தொடாமல் இருந்தாலும், தண்ணீரையும் மறுத்தாலும், வாந்தியோ பேதியோ சேர்ந்துகொண்டாலும் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போய்விட வேண்டும். விடியட்டும் என்று காத்திருந்து இழந்த குட்டிகள் மிக அதிகம்.

கண் திறக்காத குட்டிகளின் கதை தனி. தெருவோரம் தாயை இழந்த குட்டியை எடுத்துவந்து, அதன் வாயில் பாலை வைத்தால் உறிஞ்சாது. பசி இல்லை என்று நினைத்துவிடுவோம். பெரும்பாலும் அதற்குக் குளிர்தான் காரணம். வளர்ந்த நாயின் வெப்பநிலை 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். பிறந்த முதல் வாரத்தில் குட்டியின் உடம்பு 95 முதல் 98 வரைதான் இருக்கும். நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் அதற்கு இன்னும் தெரியாது. 94-க்குக் கீழே போனால் குடலின் அசைவு நின்றுவிடும், உறிஞ்சும் அனிச்சையும் மறைந்துவிடும். அப்போது பாலைப் புகட்டினால் அது வயிற்றிலேயே தேங்கும், அல்லது நுரையீரலுக்குள் போகும். முதலில் சூடு, பிறகுதான் பால். துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலை அருகில் வைத்து ஓரிரு மணி நேரத்தில் மெதுவாகச் சூடேற்ற வேண்டும். பசும்பாலும் நாய்ப்பாலும் ஒன்றல்ல. நாய்ப்பாலில் கொழுப்பும் புரதமும் பசும்பாலைப்போல் இரு மடங்குக்கு மேல். லாக்டோஸ் சர்க்கரையோ குறைவு. தண்ணீர் கலந்த பசும்பாலில் வளரும் குட்டி வயிறு நிறையக் குடித்தும் இளைத்துப்போகும், பேதியும் ஆகும். குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாவு கிடைத்தால் அதுவே நல்லது.

இனி, நாய் வளர்ப்போர் எல்லோரும் அஞ்சும் நோய்க்கு வருகிறேன். 1978-க்கு முன் நாய்களைக் கொல்லும் பார்வோ வைரஸை மருத்துவ உலகம் அறியாது. அந்த ஆண்டில் பல கண்டங்களில் ஏறத்தாழ ஒரே நேரத்தில் குட்டிகள் வாந்தியெடுத்து, ரத்தபேதியாகி மடிந்தன. இரண்டே ஆண்டுகளில் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. பூனைகளைத் தாக்கும் ஒரு வைரஸின் நெருங்கிய உறவு அது. மேலுறைப் புரதத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில மாற்றங்கள், அவ்வளவுதான்; நாயின் செல்களில் இருக்கும் டிரான்ஸ்ஃபெரின் ஏற்பியைப் பற்றிக்கொள்ள அதுவே போதுமாக இருந்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் லேலண்ட் கார்மைக்கேலும் மேக்ஸ் ஆப்பெலும் விரைந்து தடுப்பூசி உருவாக்கினார்கள். அதன் பிறகும் தடுப்பூசி போடாத குட்டிகளை இந்த வைரஸ் கொன்றுகொண்டேதான் இருக்கிறது.

பார்வோ தானாகப் பெருகத் தெரியாத வைரஸ். வேகமாகப் பிரிந்துகொண்டிருக்கும் செல்தான் அதற்கு வேண்டும். குட்டியின் உடலில் அப்படிப்பட்ட இடங்கள் எலும்பு மஜ்ஜையும் குடலும். குடலின் உள்சுவரில் விரல்விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் உறிஞ்சிகளின் மேல்செல்கள் சில நாளுக்கு ஒருமுறை தேய்ந்து உதிர்கின்றன. அடியில் இருக்கும் குழிகளிலிருந்து புதிய செல்கள் மேலே ஏறி அந்த இடத்தை நிரப்புகின்றன. வைரஸ் அந்தக் குழிகளையே அழிக்கிறது. உதிர்வது உதிர்ந்துகொண்டே இருக்கிறது, நிரப்ப ஆளில்லை. குடல் மொட்டையாகிறது, நீர் கசிகிறது, குடலில் வாழும் பாக்டீரியாக்கள் ரத்தத்துக்குள் நுழைகின்றன. அவற்றை எதிர்க்க வேண்டிய வெள்ளணுக்களை உண்டாக்கும் மஜ்ஜையும் அதே வேளையில் முடங்கிக் கிடக்கிறது. இவ்வளவுக்கும் வெளியே தெரியும் முதல் அறிகுறி, குட்டி தட்டை முகர்ந்து பார்க்காமல் போய்ப் படுத்துக்கொள்வதுதான். வாந்தி பிறகு வரும், நாற்றமெடுக்கும் ரத்தபேதி அதற்கும் பிறகு. மலத்தைத் தொட்டுச் செய்யும் சிறு பரிசோதனை அட்டை கிளினிக்கிலேயே பத்து நிமிடத்தில் விடை சொல்லிவிடும்.

வைரஸைக் கொல்ல மருந்தில்லை. குடல் தன்னைத் திரும்பக் கட்டிக்கொள்ளும் நாலைந்து நாளும் குட்டியை உயிரோடு வைத்திருப்பதுதான் சிகிச்சை. ட்ரிப்ஸ், வாந்தியை நிறுத்தும் ஊசி, பாக்டீரியாவுக்கு ஆன்டிபயாட்டிக், சர்க்கரை குறைந்தால் குளுக்கோஸ். நரம்பு கிடைக்காத அளவுக்கு ரத்தநாளங்கள் ஒடுங்கிப்போன சின்னக் குட்டிக்குத் தொடை எலும்பின் மஜ்ஜைக்குள்ளேயே ஊசியை இறக்கி நீர் ஏற்றுவார்கள். பார்க்கக் கொடுமையாக இருக்கும், உயிர் அதில்தான் இருக்கிறது. செலவுக்கு வழியில்லாதவர்களின் குட்டிக்கு என்ன செய்வது என்று கொலராடோ மாநிலப் பல்கலைக்கழக மருத்துவர்கள் யோசித்தார்கள். 40 நாய்களுக்கும் முதலில் நரம்பு வழியாக நீர் ஏற்றிச் சமநிலைக்குக் கொண்டுவந்தபின், 20 நாய்களுக்கு மருத்துவமனைச் சிகிச்சையும், மற்ற 20-க்கு வீட்டில் செய்யக்கூடிய எளிய முறையும் கொடுத்து ஒப்பிட்டார்கள். தோலுக்கடியில் நீர், வாந்திக்கும் கிருமிக்கும் ஊசி, சிரிஞ்சில் கொஞ்சம் உணவு, இவ்வளவுதான் அந்த எளிய முறை. மருத்துவமனையில் 18 பிழைத்தன, எளிய முறையில் 16. பணமில்லை என்பதற்காகக் குட்டியைக் கைவிட வேண்டியதில்லை என்று இந்த ஆய்வை ஆதாரமாக வைத்துச் சொல்லலாம். மருத்துவரிடம் வெளிப்படையாகக் கையிருப்பைச் சொல்லி வழி கேளுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தோலுக்கடியில் ஏற்றிய நீர் தோள்பட்டைகளுக்கு நடுவே சின்னத் திமில் போலப் பொங்கி நிற்கும். வீட்டில் பயந்துபோவார்கள். சில மணி நேரத்தில் அது தானாகச் சரிந்து உறிஞ்சப்பட்டுவிடும். உறிஞ்சாமல் அப்படியே நின்றால் ரத்த ஓட்டம் தளர்ந்திருக்கிறது என்று பொருள். உடனே திரும்பிப் போக வேண்டும்.

உணவு விஷயத்தில் மருத்துவர்களே மனம் மாறியிருக்கிறார்கள். வாந்தி நிற்கும்வரை வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது, குடலுக்கு ஓய்வு வேண்டும் என்பது பழைய விதி. தென்னாப்பிரிக்காவின் ஒண்டர்ஸ்டபோர்ட்டில், பிரிட்டோரியா பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனையில், 2003-இல் வெளிவந்த ஆய்வொன்று அந்த விதியைச் சோதித்தது. பார்வோ முற்றிய 15 நாய்களுக்குப் பழைய விதிப்படி பட்டினி. இன்னொரு 15-க்குச் சேர்த்த 12 மணி நேரத்திலேயே மூக்கு வழியாக இறக்கிய மெல்லிய குழாயில் உணவு. பட்டினி போட்டவற்றில் 13 பிழைத்தன. உணவு பெற்ற 15-உம் பிழைத்தன, ஒரு நாள் முன்னதாகவே தேறவும் செய்தன. எண்ணிக்கை சிறியது, சாவைக் குறைக்கும் என்று இதை மட்டும் வைத்துச் சாதிக்க முடியாது. ஆனால் சீக்கிரம் தேறியதற்குக் காரணம் புரிகிறது: குடலின் செல்கள் தமக்கு வேண்டிய ஊட்டத்தில் பெரும்பகுதியை ரத்தத்திலிருந்து எடுப்பதில்லை, தம் மேல் நகர்ந்துபோகும் உணவிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. உணவில்லாத குடல் ஓய்வெடுப்பதில்லை, மெலிகிறது.

அப்படியானால் வீட்டில் வாயைத் திறந்து ஊட்டிவிடலாமா? குமட்டலை அடக்காமல் ஊட்டுவது தவறு. 1955-இல் அமெரிக்காவில் ஜான் கார்சியாவும் அவருடைய சகாக்களும் எலிகளுக்குச் சாக்கரின் கலந்த இனிப்பு நீரைக் கொடுத்து, அதே நேரத்தில் குமட்டல் உண்டாக்கும் கதிர்வீச்சையும் பாய்ச்சினார்கள். ஒரே ஒருமுறைதான். அதற்குப் பிறகு அந்த எலிகள் இனிப்பு நீரை ஒதுக்கின. குமட்டலோடு சேர்ந்த சுவையை உடம்பு விஷம் என்று எழுதிவைத்துக்கொள்கிறது. குமட்டும் குட்டியின் வாயில் திணித்த உணவை அது தேறிய பிறகும் வெறுக்கக்கூடும். முதலில் வாந்திக்கு மருந்து, பிறகு சிறிது சிறிதாக உணவு. மருத்துவர் சிரிஞ்சில் கொடுக்கச் சொன்னால், குட்டியை மல்லாத்தாமல் நெஞ்சு தரையில் படும்படி இருத்தி, கன்னத்து ஓரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டு, விழுங்கியதும் அடுத்ததைக் கொடுங்கள். காய்ச்சல் என்று நினைத்து வீட்டில் இருக்கும் பாரசிட்டமாலையோ ஐபுபுரோஃபெனையோ கொடுக்கவே வேண்டாம்; பாரசிட்டமால் ஈரலையும் ரத்தத்தையும், ஐபுபுரோஃபென் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

வாய்க்குள் கை விடுவதற்கு முன் இன்னொன்றையும் எண்ணிப்பார்க்க வேண்டும். குட்டி தின்ன வருகிறது, ஆனால் விழுங்க முடியவில்லை. தாடை தொங்குகிறது, எச்சில் ஒழுகுகிறது. தொண்டையில் எலும்பு சிக்கியது போலத் தெரிகிறது. ரேபிஸ் இப்படியும் வரும். கடிக்காது, உறுமாது, அமைதியாகத் தளர்ந்துகொண்டே போகும். வெறிபிடித்த நாய் தண்ணீரைக் கண்டு அஞ்சும் என்பது மனிதருக்கு வரும் அறிகுறியை நாய்மேல் ஏற்றிச் சொல்வது. நாய்க்குத் தொண்டைத் தசைகள் செயலிழப்பதால்தான் குடிக்க முடிவதில்லை. இரண்டு மூன்று மாதத் தெருக்குட்டிக்கும் இது வரும். உலகில் ரேபிஸால் இறப்போரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எலும்பைத் தேடி வெறுங்கையை வாய்க்குள் விட்டிருந்தால், எச்சில் பட்ட இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசியைத் தொடங்கிவிடுங்கள். குட்டிக்கு என்ன ஆகிறது என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

தடுப்பூசி போட்ட குட்டிக்கும் பார்வோ வந்துவிட்டதே என்று பலர் மனம் உடைந்து கேட்பதுண்டு. ஊசி பொய்யில்லை. பிறந்த முதல் நாளில் குடிக்கும் சீம்பாலில் தாயின் எதிர்ப்புப் பொருட்கள் வருகின்றன. அவை வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் குறையும். வைரஸைத் தடுக்கப் போதாத அளவுக்குக் குறைந்த பிறகும், ஊசிமருந்தைச் செயலிழக்கச் செய்யப் போதுமான அளவு கொஞ்ச காலம் மிச்சமிருக்கும். அந்த இடைவெளி ஒவ்வொரு குட்டிக்கும் ஒவ்வொரு வயதில் வருவதால்தான் ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் ஆகும்வரை ஊசியைத் தொடர்கிறார்கள். ஒன்று போட்டாயிற்று என்று நிறுத்திவிடும் குட்டிகள்தான் நடுவில் மாட்டிக்கொள்கின்றன. அந்தக் கடைசி ஊசி வரை பிற நாய்கள் மலம் கழிக்கும் இடங்களில் குட்டியை இறக்கிவிடாமல் இருப்பது நல்லது. வீட்டில் ஒரு குட்டி பார்வோவில் இறந்திருந்தால், ஃபினாயில் ஊற்றிக் கழுவியதை நம்பி அடுத்ததைக் கொண்டுவந்துவிடாதீர்கள். இந்த வைரஸுக்குக் கொழுப்பு உறை கிடையாது. ஃபினாயிலும் கைகழுவும் சாராயத் திரவமும் அதை ஒன்றும் செய்யாது. தரையில் இருக்கும் அழுக்கை முதலில் தேய்த்துக் கழுவி, பிறகு ஒரு பங்கு குளோரின் பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். தோட்டத்து நிழல் மண்ணை அப்படிக் கழுவ முடியாது, அங்கே வைரஸ் பல மாதம் கிடக்கும். ஆகவே அந்த வீட்டுக்கு அடுத்து வரும் நாய், ஊசிகள் எல்லாம் முடிந்த நாயாக இருக்கட்டும்.